விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, என் கணினியில் 11 ஏறாது. கேம் விளையாட லினக்ஸுக்கு மாறலாமா?

மாறலாம். ஆனால் என்ன கேம் ஆடுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே. பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

"ஏழாம் தலைமுறை ஐ5, பழைய கிராஃபிக்ஸ் கார்டு, புதுசு வாங்க வீட்டில் காசு தரமாட்டார்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நண்பர்களோடு டீம் போட்டு ஆடுகிற ஆளாகவும் இருப்பீர்கள். தப்பாக நினைத்திருந்தால் மன்னிக்கவும். தனியாக ஆடுகிறவர், நண்பர்களோடு ஆடுகிறவர் என்று இரண்டு வகைக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர் "லினக்ஸ் சர்வருக்குத்தான், கேமுக்கெல்லாம் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு, கடைகளுக்குக் கணக்கு எழுதுவது வேலை. என் கணினியும் ஏழாம் தலைமுறை ஐ5தான். கூடவே, யாரோ பயன்படுத்தி விற்ற ஏஎம்டி ஆர்எக்ஸ் 570 கிராஃபிக்ஸ் கார்டு, 4 ஜிபி. அதில் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு தினமும் ராத்திரி கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை இழுக்கலாம் என்று ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும். இன்டெல் சிப் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு போக, எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இதைக் கேட்க ஊரில் ஒரு கடைக்குப் போனேன். அவர் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூணையும் மாத்திடுங்க சார். பழசை நாங்களே எடுத்துக்குறோம்" என்றார். எடுத்துக்கொள்ள அவர் சொன்ன விலை என் கீபோர்டு வாங்கின காசுக்குக்கூட வராது. எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடுகிற மெஷின் அது. எனக்குச் சுருக்கென்று தைத்தது அங்கேதான்.

"ஏன், சோதனையைத் தாண்டுகிற மாதிரி யூஎஸ்பி தயார் பண்ணி 11-ஐயே போடலாமே" என்று கருத்தில் யாராவது வருவீர்கள். தெரியும். போடலாம், ஓடவும் ஓடும். ஆனால் ஆதரவில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட்டே உறுதி தருவதில்லை. வருஷா வருஷம் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் அதே வித்தையைக் காட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

சரி, கேம் எப்படி ஓடுகிறது? ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தை நடத்தும் வால்வ் கம்பெனி 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று ஒன்றை வெளியிட்டது. 1993-லிருந்தே வளர்ந்துவரும் வைன் என்ற மென்பொருள்தான் அதற்கு அடித்தளம். விண்டோஸுக்காக எழுதின கேம் விண்டோஸிடம் கேட்கிற ஒவ்வொன்றையும் வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். படம் வரைகிற டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை டிஎக்ஸ்விகே என்ற பகுதி, லினக்ஸிலும் ஓடுகிற வல்கன் கட்டளைகளாக மாற்றும். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவிக்குள் இருப்பதும் லினக்ஸும் புரோட்டானும்தான். அதை விற்க வேண்டும் என்பதற்காகவும் வால்வ் இதில் காசைக் கொட்டியது. அந்தப் புண்ணியம் நம் பழைய டப்பாவுக்கும் வந்து சேர்ந்தது. நீங்கள் தனியாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஸ்டீமைப் போட்டு, செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் எல்லா கேமுக்கும் ஸ்டீம் பிளே இயங்குகிறதா என்று பார்த்தால் போதும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போடுகிறவர்கள் ஸ்நாப் வடிவ ஸ்டீமைத் தவிர்த்து டெப் கோப்பாக வருவதை எடுங்கள். ஏஎம்டி கார்டுக்கு டிரைவர்கூடத் தனியாகப் போட வேண்டாம், உள்ளேயே வருகிறது.

எனக்கு நேரம் தின்றது வேறு விஷயம். புதிதாக மாறுகிற எல்லாரும் வந்து முட்டுகிற இடமும் அதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். என் கேம்களெல்லாம் விண்டோஸ் காலத்து இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில், விண்டோஸுக்கான என்டிஎஃப்எஸ் வடிவப் பார்ட்டிஷனில் இருந்தன. மின்ட் அந்த டிஸ்க்கைக் காட்டியது. ஸ்டீமும் உள்ளே இருக்கிற கேம்களைக் கண்டுகொண்டது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐத் தேர்ந்தெடுத்து பிளே அழுத்தினால், பச்சைப் பொத்தான் நீலமாகிறது, ஒரு கணம் 'ஸ்டாப்' என்று காட்டுகிறது, மறுபடி பச்சைக்கே திரும்பிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கேமும் இல்லை.

இதற்குக் காரணம் இரண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாக அணைவதில்லை. பார்ட்டிஷன் பாதித் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. அடுத்தது, புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி சி டிரைவை உருவாக்குகிறது. அதற்குள் முக்காற்புள்ளியோடு பெயர் வைத்த இணைப்புகள் இருக்கும். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. எனவே அந்த டிஸ்க்கை இரண்டு பக்கமும் பங்கு போட்டால் என்றைக்காவது ஏதாவது ஒன்று உடையும். தீர்வு சுலபம். லினக்ஸுக்கான இஎக்ஸ்டி4 வடிவில் ஒரு பார்ட்டிஷன் போட்டு, அதை ஸ்டீமில் லைப்ரரியாகச் சேர்த்து, பழைய 'காமன்' ஃபோல்டரில் இருக்கிற கேம்களை அதன் 'காமன்' ஃபோல்டருக்கு நகலெடுத்து, அங்கேயே இன்ஸ்டால் கொடுங்கள். ஏற்கெனவே இருக்கிற கோப்புகளைச் சரிபார்த்துவிட்டு, குறைகிறதை மட்டும் இறக்கிக்கொள்ளும். முழு கேமையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை.

இறக்குவது என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அது போய், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்து கடலூரை மூழ்கடித்தது. டிவிக்காரர்கள் சில்வர் பீச்சில் குடை பறக்க நின்று பேசிவிட்டுப் போய்விட்டார்கள். 2011-ல் தானே புயலுக்கும் இதே கூத்துதான். எங்கள் தெருவுக்கு நெட் கொடுக்கிறவர் போனை அணைத்துவைத்தவர்தான், கம்பி சரியாகி நெட் வருகிற வரை எடுக்கவே இல்லை. ஆனால் பில் மட்டும் தேதி தவறாமல் வந்தது, முழு மாதத்துக்கும். கேட்டதற்கு "மழைக்கு நாங்க என்ன சார் பண்றது" என்றார். மழைக்கு நான் மட்டும் என்ன பண்ணினேன்? சென்னையில் உட்கார்ந்துகொண்டு "ரீ-டவுன்லோட் பண்ணிக்கோங்க ப்ரோ" என்று பதில் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு கேம் நூறு ஜிபி என்றால் எங்களுக்கு அது ஒரு திட்டம்.

அதனால்தான் அக்கா மகன் லேப்டாப்போடு வரும்போது எனக்குச் சந்தோஷம். அவர்கள் வீடு பாண்டியில், லாஸ்பேட்டை. அங்கே நெட் நன்றாக வரும். ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கிற ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு கேமை அனுப்பும் வசதியை ஸ்டீமில் 2023-லிருந்து கொடுத்திருக்கிறார்கள். அவன் லேப்டாப்பில் விண்டோஸ், என்னிடம் மின்ட். அப்படியும் வருகிறது. விண்டோஸ் கேமின் கோப்புகள்தானே புரோட்டானுக்கும் வேண்டும்.

அவன் முதல் தடவை இந்த மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் கேட்டது, "மாமா, இதுல வேலோ ஓடுமா?"

"ஓடாதுடா."

"அப்புறம் எதுக்கு மாமா இது?"

நீங்களும் இதைத்தான் கேட்கப்போகிறீர்கள். வேலோ, அதாவது வேலரண்ட், லினக்ஸில் ஓடாது. இன்று இல்லாவிட்டால் நாளை யாராவது வழி கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். அதில் கள்ளாட்டத்தைத் தடுக்கும் ஆன்டி-சீட்டான வேன்கார்ட், விண்டோஸ் கிளம்பும்போதே கூடக் கிளம்பி, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். புரோட்டான் மொழிபெயர்ப்பது மேல்தளத்து நிரல்களை மட்டும்தான். விண்டோஸின் கெர்னல் டிரைவரை லினக்ஸ் கெர்னலுக்குள் கொண்டுபோய் வைக்க இடமே கிடையாது. 2024-ல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வேன்கார்டைப் போட்டார்கள், அதுவும் போச்சு. ஃபோர்ட்நைட் கிடையாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு ஆன்டி-சீட்களும் 2021-லிருந்தே புரோட்டானில் இயங்கக்கூடியவை. ஆனால் கேம் கம்பெனி அனுமதித்தால்தான் இயங்கும். எல்டன் ரிங் அனுமதித்தது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முதலில் அனுமதித்துவிட்டு, 2024-ல் கதவை மூடியது. ஜிடிஏ ஆன்லைனிலும் அதே வருஷம் பேட்டில்ஐ வந்தது, லினக்ஸ்காரர்கள் வெளியே நின்றார்கள். ஜிடிஏ 5-இன் தனிக்கதை மட்டும் ஓடுகிறது. அதாவது இன்று ஓடுகிற ஆன்லைன் கேம் நாளையும் ஓடும் என்று யாரும் எழுதித் தர முடியாது. லினக்ஸ் அபிமானிகள் இந்த இடத்தை மட்டும் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பையன்கள் நம்பி மாறிவிட்டு, நண்பர்களோடு ஆட முடியாமல் திரும்பிப் போய், "லினக்ஸ் வேஸ்ட்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் என்ன ஆனது என்றால், அவனை யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் உட்கார வைத்தேன். அது லினக்ஸுக்கென்றே தனி வடிவம் உள்ள கேம், புரோட்டான்கூடத் தேவையில்லை. அவனுக்கு லாரி பிடிக்கவில்லை, நம் ஊர் அரசு பஸ்ஸைக் கேமில் சேர்க்கிற மாட் வேண்டுமாம். மாட் கோப்பு இருந்தது, எங்கே போடுவது என்று தெரியவில்லை. விண்டோஸில் டாக்குமென்ட்ஸுக்குள் போடுவதை இங்கே ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் '.லோக்கல்' என்ற ஃபோல்டரில், அதற்குள் 'ஷேர்' என்பதில், கேம் பெயருள்ள ஃபோல்டரைத் திறந்து 'மாட்' என்ற இடத்தில் போட வேண்டும். கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால்தான் அந்த ஃபோல்டரே கண்ணுக்குத் தெரியும். போட்டதும் ஜெர்மனி நெடுஞ்சாலையில் பச்சை பஸ் கிளம்பியது. மலிவு விலை வயர் கேம்பேட்தான் வைத்திருக்கிறேன். அது எக்ஸ்பாக்ஸ் 360 என்று பொய் சொல்லிக்கொண்டு உள்ளே வரும், லினக்ஸும் நம்பிவிடும். டிரைவர், சிடி ஒன்றும் வேண்டாம். பையன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அக்கா அடுப்படியிலிருந்து "தம்பி, அதை முதல்ல நிறுத்துடா" என்று கத்துகிற வரை ஓடியது. இப்போது அவன் வந்தால் நாங்கள் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறோம், அதுவும் நேரடியாக லினக்ஸில் ஓடுவது. வேலரண்டை அவன் பாண்டியிலேயே ஆடிக்கொள்கிறான்.

புதிதாகப் போட்ட ஒரு கேமை முதல் தடவை திறக்கும்போது வல்கன் ஷேடர் தயாராகிறது என்று ஒரு கோடு மெதுவாக நகரும். பக்கத்தில் ஸ்கிப் என்று இருக்கும். என் மருமகன் மாதிரி உடனே அதை அழுத்தாமல் விட்டுவிட்டால், ஆட்டத்தின் நடுவே திக்கல் குறையும்.

வேகம் எப்படி என்றால், என் கார்டில் நான் ஆடுகிற கேம்களில் விண்டோஸில் இருந்த அளவுக்கே இருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அளந்து காட்டச் சொல்லாதீர்கள், நான் அளக்கவில்லை. என்விடியா கார்டு என்றால் டிரைவர் மேனேஜரில் போய் அவர்கள் டிரைவரைப் போட வேண்டும். ஜிடி 710 மாதிரி ரொம்பப் பழைய கெப்ளர் தலைமுறை கார்டு என்றால் மாறவேண்டாம் என்பேன். இன்றைய டிஎக்ஸ்விகேவுக்கு வல்கன் 1.3 வேண்டும், அந்தக் கார்டுகளில் அது கிடையாது.

"அப்போ விண்டோஸை முழுசாக விட்டுவிட்டாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. டாலி விண்டோஸில்தான் ஓடுகிறது, அதனால் கடைக் கணக்குக்கு ஒரு லேப்டாப் தனியாக இருக்கிறது. அது சோறு போடுகிற மெஷின், அதில் எந்தப் பரிசோதனையும் கிடையாது. இது கொள்கைப் போராட்டம் எல்லாம் இல்லை, நல்ல மெஷினைக் குப்பையில் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: அடிக்கடி ஆடுகிற கேம்களின் பெயரை எடுத்துக்கொண்டு எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று மதிப்பீடு தரும் புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்றால் கவலையில்லை. ஆன்லைன் கேம் என்றால் 'ஆர் வீ ஆன்டி-சீட் யெட்' என்ற தளத்தையும் பாருங்கள். நண்பர்களோடு ஆடுகிற அந்த ஒரு கேம் அங்கே சிவப்பில் இருந்தால், பழைய விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு அதில் லினக்ஸை ஏற்றுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிவிடுங்கள், எதை அழிக்கிறோம் என்ற பயமே இருக்காது.

கேம் பெயர்களையும் கார்டு பெயரையும் கருத்தில் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த லினக்ஸ் வகை, நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.