கொக்கியை எங்கே மாட்டுவது?

உயரத்தில் வேலை செய்வோர் பாதுகாப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு மாடி வீடு கட்டுகிறோம். வெளிப்பூச்சுக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டியிருக்கிறது. நான் வற்புறுத்திக் கேட்டதால் மேஸ்திரி இடுப்பில் கட்டும் பெல்ட் நான்கு வாங்கி வந்தார். கொக்கியைச் சாரக் கம்பிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். இது போதுமா?
(வீட்டு உரிமையாளர், நாமக்கல்)

பதில்: போதாது. பெல்ட்டும் தவறு, மாட்டிய இடமும் தவறு.

80 கிலோ எடையுள்ள ஒருவர் 1.8 மீட்டர் விழுந்து, கயிறு அவரை 20 சென்டிமீட்டருக்குள் நிறுத்துகிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் கயிறு தாங்க வேண்டியது ஏறத்தாழ 800 கிலோ. அவ்வளவும் இடுப்பில் ஒரே பட்டையில் இறங்கினால் முதுகெலும்பு முறியலாம், வயிற்றின் உள்ளுறுப்புகள் கிழியலாம். தலைகீழாகத் தொங்கி, பெல்ட்டிலிருந்து நழுவி விழுவதும் உண்டு. தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். ஐஎஸ் 3521 (இந்தியத் தர நிர்ணயம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கயிறு மாட்டும் ‘D’ வடிவ வளையம் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கயிற்றில் அதிர்வுதாங்கி கட்டாயம். சின்னப் பை போலத் தொங்கும். உள்ளே மடித்துத் தைத்த பட்டை. விழும்போது தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து இழுவையை 600 கிலோ அளவுக்குள் நிறுத்திவிடும்.

அடுத்தது மாட்டும் இடம். சவுக்குக் கம்பு மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்தால் கட்டு அவிழ்ந்து, விழுந்தவர் மேலேயே சாரம் சரியும். தேங்காய்க் கயிறு நாலு மழை நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஓர் ஆளுக்கு 1,500 கிலோவாவது தாங்கும் இடம் தேவை. அமெரிக்க விதி 5,000 பவுண்டு, அதாவது 2,270 கிலோ வரை கேட்கிறது. உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் நன்றாக இறுகிய காங்கிரீட் தூணும் பீமும்தான். தூணைச் சுற்றி ஸ்லிங் பட்டை (பாரம் தூக்கும் தடித்த நாடா) போட்டு அதில் மாட்டச் சொல்லுங்கள். தூணின் கூர்மூலையில் பட்டை உரசாதபடி சாக்கு மடித்து வையுங்கள். புதிதாகக் கட்டிய கைப்பிடிச் சுவர், ஜன்னல் கிரில், தண்ணீர்க் குழாய், நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பி எதிலும் மாட்டக் கூடாது.

கேள்வி: தரைத்தளக் கூரையின் விளிம்பில் சென்ட்ரிங் (காங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும்) வேலை. தரையிலிருந்து பத்தடிதான். ஹார்னஸ் போட்டுக் காலடியில் உள்ள பீமில் மாட்டியிருக்கிறோம். பயமில்லைதானே?
(சென்ட்ரிங் தொழிலாளி, தாராபுரம்)

பதில்: இந்தக் கணக்கு தெரியாமல்தான் ஹார்னஸ் போட்டவர்களும் தரையில் மோதுகிறார்கள். கயிறு 1.8 மீட்டர். அதிர்வுதாங்கி முழுதும் பிரிந்தால் இன்னும் 1.75. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். ஹார்னஸ் இழுபடுவதற்கும் கணக்குப் பிசகுக்கும் ஒரு மீட்டர். கூட்டினால் 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது மாட்டிய இடத்துக்குக் கீழே 20 அடி காலியாக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது பத்தடி. கயிறு தன் வேலையைத் தொடங்கி முடிப்பதற்குள் தரை வந்துவிடும்.

தலைக்கு மேல் மாட்டினால் தேவை குறையும். அப்போதும் காலுக்குக் கீழே 4 மீட்டர் வேண்டும். ஆகவே பத்தடி உயரத்தில் விழுந்தபின் பிடிக்கிற ஏற்பாட்டை நம்பவே கூடாது. விழ விடாத ஏற்பாடு செய்யுங்கள். விளிம்பில் ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு தடுப்புக் குழாய், பாதி உயரத்தில் இன்னொன்று, கருவிகள் உருண்டு விழாமல் அடியில் ஒரு பலகை. குழாய் போட முடியாத இடத்தில் கயிற்றைச் சுருக்குங்கள். முளையில் கட்டிய மாடு வரப்பைத் தாண்டாதது போல, கயிறு முழுநீளம் இழுபட்டாலும் ஆள் விளிம்பை எட்டக் கூடாது. நான் முதலில் சொல்வது எப்போதும் இந்த வழியைத்தான்.

இன்னொன்று: மாட்டிய இடத்துக்கு நேர் கீழே வேலை செய்யுங்கள். பக்கவாட்டில் நகர்ந்துபோய் விழுந்தால் ஊஞ்சல் போல ஆடித் தூணில் மோதுவீர்கள்.

கேள்வி: மில் கொட்டகையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாற்ற வேண்டும். போல்ட் வரிசை மேலேயே நடந்தால் உடையாது என்கிறார்கள்.
(பராமரிப்பு மேலாளர், ராஜபாளையம்)

பதில்: அதை நம்பி நடக்காதீர்கள். போல்ட்டுக்குக் கீழே பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், இருப்பது உண்மைதான். ஆனால் அது ஒரு கோடு. கால் தடுமாறி ஓரடி தள்ளி வைத்தாலே ஷீட்டின் நடுப்பகுதி. வெயிலிலும் மழையிலும் கிடந்த பழைய ஷீட் விரிசல் காட்டாமல், ஓசை எழுப்பாமல் ஒரேயடியாக உடையும். வெளிச்சத்துக்காக இடையிடையே போட்ட பிளாஸ்டிக் ஷீட் இன்னும் ஆபத்து. தூசியும் பாசியும் படிந்தபின் மற்ற ஷீட்டிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. ஏறுவதற்கு முன் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து, அவை எங்கெங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் மேலே ஏறாமல், உள்ளே நகர்த்தும் சாரம் வைத்துக் கீழிருந்தே கழற்றுங்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், குறைந்தது மூன்று பர்லின்மேல் படியும் நீளமான அகலப் பலகை இரண்டு வேண்டும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை நகர்த்த. ஒரே பலகை என்றால் நகர்த்தும்போது ஷீட்டில்தான் நிற்பீர்கள். கூரைக்கு அடியில், எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் பாதுகாப்பு வலை கட்டுங்கள். ஷீட்டை நனைத்துவிட்டு முழுசாக இறக்குங்கள். உடைத்தால் பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு.

கேள்வி: லிஃப்ட் குழியை பிளைவுட் போட்டு மூடியிருக்கிறோம். வேறென்ன?
(பொறியாளர், ஓசூர்)

பதில்: ஆணி அடித்தீர்களா? சும்மா வைத்த பிளைவுட்டை யாராவது வேறு வேலைக்கு என்று தூக்குவார். தூக்கிய பலகை அவர் கண்ணை மறைக்கும். ஓரடி முன்னே வைத்தால் குழி. இப்படி விழுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நகராதபடி பொருத்தி, ‘கீழே குழி, தூக்காதே’ என்று பெயிண்டில் பெரிதாக எழுதுங்கள். அந்தப் பலகை, அதன்மேல் வரக்கூடிய பாரத்தைப் போல இரண்டு மடங்கு தாங்க வேண்டும். தளத்துக்குத் தளம் வாசல் பக்கமும் தடுப்பு வேண்டும்.

கேள்வி: நான் சித்தாள். சேலையின் மேல் தொடைப்பட்டை மாட்ட முடியவில்லை. போடாவிட்டால் வேலை இல்லை என்கிறார்கள்.
(வாசகி, விழுப்புரம்)

பதில்: தொடைப்பட்டை இல்லாத ஹார்னஸ் விழும்போது மேலேறிக் கழுத்தை நெரிக்கும். அதனால் பெயருக்கு மாட்டிக்கொள்ளாதீர்கள், அம்மா. விளிம்பில் நின்றே செய்ய வேண்டிய வேலை என்றால் பேன்ட் அல்லது சுடிதார் போட்டு அதன்மேல் மாட்டுவதுதான் சரி. ஆனால் உங்கள் வேலை பெரும்பாலும் கலவையும் செங்கல்லும் சுமந்து படி ஏறுவது. ஏறி இறங்குகிறவர் கொக்கியை எங்கே மாட்டுவார்? அங்கே ஹார்னஸ் தீர்வே அல்ல. படியின் திறந்த பக்கத்தில் இரண்டு வரிசை மூங்கில் தடுப்பு, சாய்தளத்தில் வழுக்காமல் குறுக்குச் சட்டம், மேலே சாமான் ஏற்ற கப்பி. இவற்றைச் செய்து தருவது வேலை கொடுப்பவர் பொறுப்பு. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒருவர் விழுந்து ஹார்னஸில் தொங்கினால் 108-க்குக் காத்திருக்கலாமா?
(பெயிண்டர், தூத்துக்குடி)

பதில்: 108-ஐ அழையுங்கள்; ஆனால் இறக்குவதற்குக் காத்திருக்காதீர்கள். அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். நினைவு இருந்தால் கால்களை ஆட்டச் சொல்லுங்கள், சுவரில் உதைத்து அழுத்தச் சொல்லுங்கள். கயிற்றில் ஒரு வளையம் போட்டு இறக்கினால் அதில் காலூன்றி நிற்கலாம். எந்த ஏணி, எந்தக் கயிறு, யார் ஏறுவது என்பதைக் காலையில் வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். தனியாக ஒருவரை ஹார்னஸில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

இறக்கியபின் உட்கார வைக்க வேண்டும் என்று பழைய பயிற்சிகளில் சொல்லித்தந்தார்கள். பிரிட்டனின் பணிப்பாதுகாப்புத் துறை செய்த மறு ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வழக்கமான முதலுதவிப்படி படுக்க வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள்.

ஒருமுறை ஆளைத் தாங்கிய ஹார்னஸையும் கயிற்றையும் அன்றே துண்டாக வெட்டிப் போடுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வைத்திருந்தால் அடுத்த வாரம் இன்னொருவர் மாட்டிக்கொள்வார்.