வார்டு நடத்துகிறவருக்கு நிர்வாகம் தெரியாதா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் 9 வருடமாக வார்டு இன்சார்ஜ் நர்ஸாக இருக்கிறேன். 30 படுக்கை. உதவி மேலாளர் இடம் காலியானபோது கேட்டேன். "வார்டு பார்த்தவங்களுக்கு நிர்வாகம் தெரியாது" என்று சொல்லி வெளியாள் ஒருவரை எடுத்துவிட்டார்கள். அடுத்த முறைக்கு என்ன செய்யலாம்? (தக்கலை வாசகி)

பதில்: டியூட்டி லிஸ்ட் போடுகிறீர்கள், வார்டுக்கு வேண்டிய பொருளைக் கேட்டு இண்டென்ட் எழுதுகிறீர்கள், நோயாளியின் சொந்தக்காரர் சத்தம் போட்டால் முன்னால் போய் நிற்கிறீர்கள். இது நிர்வாகம் இல்லாமல் வேறென்ன? ஆனால் எல்லாம் வார்டு நோட்டிலேயே கிடக்கிறது. அதைக் கணக்காக்கி மேலே கொடுங்கள். 3 மாதக் கணக்கு போதும்.

நள்ளிரவு 12 மணிக்கு வார்டில் எத்தனை பேர் என்பது நைட் ரிப்போர்ட்டில் இருக்கும். 30 நாளுக்கும் கூட்டினால் 720 வருகிறது என்று வையுங்கள். 30 படுக்கை, 30 நாள் என்றால் 900. அப்படியானால் 80 சதவீதம் நிரம்பியிருக்கிறது. அந்த மாதம் 180 டிஸ்சார்ஜ் என்றால் ஒருவர் சராசரியாக 4 நாள் தங்கியிருக்கிறார். கூட்டம் வந்தபோது போட்ட எக்ஸ்ட்ரா கட்டில்களைத் தனியாக எழுதுங்கள். காப்பீட்டு அனுமதிக்காகக் காத்துக் கிடப்பவர்களையும் தனி வரியில் காட்டுங்கள். இல்லாவிட்டால் அப்படி நாலு பேர் போதும், சராசரியே கெட்டுவிடும்.

உங்களுக்குப் பெயர் வாங்கித் தரப்போவது டிஸ்சார்ஜ் நேரம்தான். காலை 9.30க்கு டாக்டர் "போகலாம்" என்று எழுதியிருப்பார். நோயாளியோ பிற்பகல் 3 மணிக்கும் செருப்பு மாட்டி, பை கட்டி, மடியில் எக்ஸ்ரே கவரோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு 10 பேரை எடுத்து நாலு நேரம் குறியுங்கள்: டாக்டர் எழுதியது, மிச்ச மருந்து பார்மசிக்குப் போனது, பில் வந்தது, படுக்கை காலியானது. பல இடங்களில் மருந்து ரிட்டர்னில்தான் நேரம் போகிறது. திருப்பிய மருந்து கணக்கில் ஏறாமல் பில் முடியாது. அதனால் முந்தின நாள் மாலை 4 மணிக்கே நாளை போகிறவர்கள் யார் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். இரவு, காலை டோஸை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அன்றைக்கே திருப்புங்கள்.

முன்பு எத்தனை மணி நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, நர்சிங் சூப்பிரண்டு வழியாகக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். வாங்காவிட்டால் நாளைக்கு இது வேறொருவர் செய்த சீர்திருத்தமாகிவிடும். இப்படிப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர்.

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மட்டும் படித்தவர் என்றால் மருத்துவமனை நிர்வாக முதுகலைப் படிப்பான எம்.எச்.ஏ.வில் நேரடியாகச் சேர முடியாது, அதற்குப் பட்டம் வேண்டும். டிப்ளமோ நர்ஸ்கள் பட்டம் பெறும் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கை முதலில் முடியுங்கள்.

கேள்வி: சிறிய மருத்துவமனை நடத்துகிறோம். பெண்களுக்குப் பெரிய பொறுப்பு கொடுக்க நினைத்தாலும் அவர்களே வேண்டாம் என்கிறார்கள். (குலசேகரம் வாசகர்)

பதில்: பொறுப்பை வேண்டாம் என்கிறார்களா, அதோடு வருகிற நேரத்தையா என்று பாருங்கள். ஒரு நர்ஸ் இடத்தில் 24 மணி நேரமும் ஆள் இருக்க வாரத்துக்கு 168 மணி நேர வேலை. ஒருவருக்கு 48 மணி என்றால் 3.5 பேர் வேண்டும். விடுப்புக்கு 30 சதவீதம் சேர்த்தால் நாலரைப் பேர். 3 ஷிப்டுக்கு 3 பேர் என்று கணக்குப் போட்டால், குறைகிற ஒன்றரை ஆள் வேலை இன்சார்ஜ் தலையில்தான் விழும். அவர் ஊசி போடுவாரா, ஸ்டாக் பார்ப்பாரா? இன்சார்ஜை நோயாளி பார்க்கும் ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மேலாளர் கூட்டத்தை மாலை 6 மணிக்கு வைத்தால் பேச்சிப்பாறைப் பக்கம் பஸ் பிடிக்க வேண்டியவர் எப்படி உட்கார்ந்து பேசுவார்? அடுத்த ஷிப்டுக்குப் பொறுப்பு மாற்றும் ஹேண்ட்ஓவர் முடிந்ததும் பகல் 1.30க்கு வையுங்கள். ஒரு தொகை வரை பொருள் வாங்கும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பி.பி. கஃப் கிழிந்தால்கூட 3 பேரிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டிய பதவியை யார் விரும்பிக் கேட்பார்கள்?

நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே, 1938இல் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் சமஸ்தானத்தின் மருத்துவத் துறைத் தலைவரான சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவர்தான். அவருக்குப் பதவியோடு அதிகாரமும் இருந்தது.

கேள்வி: பிரசவ விடுப்பு முடிந்து வந்தால் இன்சார்ஜ் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. ஸ்டாஃப் நர்ஸாகவே இரு என்கிறார்கள். (குளச்சல் வாசகி)

பதில்: மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை நீக்குவதோ, அவருடைய பணி நிபந்தனையைப் பாதகமாக மாற்றுவதோ கூடாது என்று 1961 மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. வாய்ப் பேச்சில் விட்டுவிடாதீர்கள். விடுப்புக்கு முன் இருந்த பதவி, அலவன்ஸ், ஷிப்டு ஒரு பக்கம், இப்போது உள்ளவை மறுபக்கம் என்று எழுதுங்கள். விடுப்பு ஆணையையும் இரண்டு காலத்துச் சம்பளச் சீட்டையும் இணைத்துக் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் என்றால் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும், ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். இல்லையென்றால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்.