ஆச்சி, தம்பியின் ரூட்டரைப் பிடுங்கி வைக்காதீர்கள்

தேவகோட்டையிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன், ஆச்சி. மூன்றாம் வருடம் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங்) படிக்கிற பையன் பழைய ரூட்டரைப் பிரித்துப் போட்டு, 'நாலு பேரைச் சேர்த்து இலவசமா ஃபர்ம்வேர் எழுதப்போறேன்' என்றால் எந்தத் தாய்க்கும் கவலை வரும். சனிக்கிழமை உங்கள் மகன், அதுதான் தம்பி, காரைக்குடிக்கு வந்து, அந்த ரூட்டரை என் மேசையில் வைத்தே காட்டினார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன், தடுக்காதீர்கள்.

ஃபர்ம்வேர் என்பது கருவியின் சில்லுக்குள்ளேயே குடியிருக்கிற மென்பொருள். தம்பி முதலில் மீட்டர் வைத்து, போர்டில் லேப்டாப்பை இணைக்கிற முனை 3.3 வோல்ட்தானா என்று பார்த்தார். 5 வோல்ட் கொடுத்தால் சில்லு போய்விடலாம். அப்புறம் கிரவுண்ட், டிஎக்ஸ் (தகவல் அனுப்ப), ஆர்எக்ஸ் (தகவல் வாங்க) என்று மூன்றே ஒயர். தகவல் போகிற வேகத்தை நொடிக்கு 115200 பிட் என்று வைத்ததும், ரூட்டர் கண்விழித்து என்னென்ன செய்கிறது என்பது லேப்டாப்பில் வரிவரியாக ஓடியது. அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷாக் பயம் வேண்டாம், போர்டுக்குப் போவது 12 வோல்ட்தான். அடாப்டரை மட்டும் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் தொடங்கிய விதம் சரியில்லை. பெயர் வைத்து, லோகோ வரைந்து, பன்னிரண்டு பேரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாயிற்று. ஓடுகிற நிரல் ஒரு வரி இல்லை. இப்படிப் போனால் பொங்கலுக்குள் குழு அடங்கிவிடும். 2001 கடைசியில் ஸ்வீடனில் சிலர், தங்கள் ஆர்க்கோஸ் பாட்டுக் கருவியில் வந்த மென்பொருள் பிடிக்காமல் தாங்களே எழுதத் தொடங்கியதுதான் ராக்பாக்ஸ். அது பின்னால் ஐபாட் வரை போனது. ஆளைத் திரட்டுமுன் கையில் ஏதாவது ஓட வேண்டும்.

முதலில் ரூட்டரில் இருக்கிற பழைய ஃபர்ம்வேரை முழுசாக நகலெடுத்து வைக்கட்டும். பிறகு ஒரே ஒரு எல்இடி விளக்கைத் தன் நிரலால் எரிய வைக்கட்டும். செய்ததை ஒன்றுவிடாமல் எழுதி வைக்கட்டும். அதைப் படித்து இன்னொரு நண்பன், தம்பிக்கு ஒரு போன்கூடப் போடாமல், தன் ரூட்டரில் அதையே செய்து காட்டுகிற அன்றுதான் திட்டம் தொடங்கியதாகக் கணக்கு. ஜிபிஎல் போல, நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று அனுமதிக்கிற ஒரு உரிமத்தையும் முதல் நாளே சேர்த்துவிட வேண்டும்; அது இல்லாமல் அடுத்தவர் அந்த நிரலைத் தைரியமாக எடுத்தாள முடியாது. கம்பெனியிலிருந்து கசிந்த நிரலை மட்டும் தொடவே கூடாது.

அந்த மாடலுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற இலவச ரூட்டர் ஃபர்ம்வேர் ஏற்கெனவே இருந்தால், புதிதாகத் தொடங்காமல் அதிலேயே சேரலாம். 2004 முதல் நடக்கிற திட்டம் அது. மூத்தவர்கள் நிரலைத் திருத்திக் கொடுப்பார்கள். நம் பெரியவர்கள் பர்மாவில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகுகிற பையனாக, உட்கார்ந்துதானே வரவுசெலவு பழகினார்கள்?

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். எம்பெடட் வேலைக்கான, அதாவது கருவிகளுக்குள் ஓடுகிற நிரல் எழுதும் வேலைக்கான, நேர்முகத்தில், தானே எழுதி ஓட வைத்த நிரலைக் காட்டுகிற பையனிடம் பேச்சு நீளும். அரியர் மட்டும் விழக் கூடாது. தினம் இரண்டு மணி நேரம், பரீட்சை மாதத்தில் அதுவும் வேண்டாம் என்று தம்பியிடம் பேசி முடித்துவிட்டேன்.

இந்த வாரம் அதே மாடலில் பழைய ரூட்டர் இன்னொன்று வாங்கக் காசு கேட்பார். இருக்கிறதில் ஒன்று எப்படியும் உயிரில்லாமல் செங்கல்லாகிவிடும், அதனால் கொடுங்கள், ஆச்சி.