கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகும் அம்மா யாரோடும் பேசுவதில்லை. கவுன்சிலிங் உதவுமா?

உதவும். எங்கள் வீட்டில் உதவியது. நாங்கள்தான் ஒரு வருஷம் தாமதமாகப் போனோம்.

எங்களுக்குச் சேலம், செவ்வாய்ப்பேட்டை. அக்காவுக்கு 42 வயதில் இதே நோய். 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வாரம் ஒரு கீமோ, கடைசியில் உள்ளே வைக்கும் கரண்ட். அந்த இரண்டு மாதமும் தைரியமாகத்தான் இருந்தாள். தினம் போக வேண்டும், வர வேண்டும். யோசிக்க ஏது நேரம்? 'எல்லாம் முடிஞ்சது' என்று சொல்லி அனுப்பி, சொந்தக்காரர்கள் ஆப்பிள் பையோடு வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் சுருண்டு படுத்தாள். கொலுசுப் பட்டறைக்கும் போகவில்லை.

கடைசி நாளில் ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் குழாய் போன்ற கருவியைக் கொடுத்து, 'வாரத்துக்கு மூணு தடவை உள்ள வைங்க' என்றதோடு சரி. கரண்ட் வைத்த பிறப்புறுப்புப் பாதை தழும்பாகிச் சுருங்காமல் இருக்கத்தான் அது. பின்னாளில் டாக்டர் பரிசோதிக்கவும் வழி வேண்டுமே. யாரும் இதை விளக்கவில்லை. அது பேப்பரில் சுற்றியபடியே பீரோவில் முகூர்த்தப் பட்டுக்கு அடியில் கிடந்தது.

மாமா ஹாலில் படுக்க ஆரம்பித்தார். தன்மேல் அருவருப்பு என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அவரோ, பக்கத்தில் போனால் அவளுக்கு நோய் திரும்பிவிடும் என்று பயந்திருக்கிறார். போதாததற்கு, இது உடலுறவில் பரவும் வைரஸால் வருவது என்று அக்கா போனில் படித்துவிட்டு, 'அப்போ யார் தப்பு?' என்று உள்ளுக்குள் குமைந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள்.

கடைசியில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். 'எனக்கென்ன பைத்தியமா?' என்று வழியெல்லாம் சண்டை. இரண்டாவது முறை மாமாவையும் வரச் சொன்னார்கள். சேர்ந்திருப்பதால் புற்றுநோய் ஒட்டாது, திரும்பியும் வராது. அந்த வைரஸ் பெரும்பாலானவர்களுக்கு ஒரு சமயம் வந்து தானாகப் போய்விடும், சிலருக்கு மட்டும் தங்கிப் பல வருஷம் கழித்து இப்படி ஆகும். யார் நடத்தையையும் அது காட்டாது. கரண்டில் சினைப்பை செயலிழந்து திடீரென மாதவிலக்கு நின்றதால்தான் ராத்திரி வியர்வையும் எரிச்சலும். இதையெல்லாம் கேட்டு மாமா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதனால், அப்பா இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் மகன் என்றால் அந்த அறையில் உட்கார வேண்டாம். அம்மா வாயே திறக்க மாட்டார். நேரில் வர மறுத்தால் 14416க்குப் போன் போடச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்பதுபோல் ஏதாவது சொன்னால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே கூட்டிப் போய்விடுங்கள்.

அக்கா முழுதாக மாறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். செக்கப்புக்கு முந்தின வாரம் இன்னும் தூக்கம் கிடையாது. வயிறும் சொன்னபடி கேட்காது. அவசரம் வந்தால் நிறுத்த மாட்டார்கள் என்று பஸ்ஸிலேயே ஏறுவதில்லை. போன மே மாதம் மாமா அவளை வண்டியில் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார். வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று முந்தின ஞாயிற்றுக்கிழமையே 20 கொண்டை ஊசி வளைவையும் தனியாக ஏறிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் மனிதர்.