பென்சிலை முஷ்டியில் பிடிக்கும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. பென்சிலை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிக்கிறாள். விரலைச் சரிசெய்து வைத்தால் அடுத்த நிமிடமே பழையபடி மாற்றிக்கொள்கிறாள். அதட்டிப் பழக்கலாமா?

பதில்: வேண்டாம். எழுதும் நேரத்தில் விரலைப் பிடித்துத் திருத்திக்கொண்டே இருந்தால் எழுத்தே கசந்துவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்த பிடி பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் படியும். உங்கள் மகளுக்கு இன்னும் நேரமிருக்கிறது.

முதலில் நீளமான பென்சிலை எடுத்து வைத்துவிட்டு, 3 செ.மீ. அளவுக்கு உடைத்த கிரேயான் துண்டைக் கொடுங்கள். முஷ்டிக்கு அதில் இடமே இல்லை. விரல்நுனிகள் தாமாகவே வேலைக்கு வரும். தாளை அவள் கண் உயரத்தில் சுவரில் ஒட்டி வரையச் சொல்லுங்கள். கையை உயர்த்தி வரையும்போது மணிக்கட்டு பின்னோக்கி வளையும். அந்த நிலையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எளிதாக எதிரெதிரே சேரும். தோளுக்கும் வலு ஏறும். தோள் தளர்ந்திருந்தால் அந்தக் குறையை விரல்கள் இறுக்கிப் பிடித்து ஈடுகட்டும். பிடி கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

களிமண் உருட்டுவது, துணி கிளிப்பை அழுத்தி மாட்டுவது, காகிதத்தைச் சின்னதாகக் கிழிப்பது எல்லாம் விரலுக்கு நல்ல வேலை. தினமும் பத்து நிமிடம் போதும்.

பிறகு பென்சிலுக்கு வரலாம். கூர்முனை குழந்தையைப் பார்த்திருக்க மேசையில் வையுங்கள். சீவிய பகுதிக்குச் சற்று மேலே இரு விரலால் கிள்ளி எடுக்கட்டும். மறுகையால் பென்சிலின் பின்முனையைத் தள்ளினால், அது சுழன்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் சாயும். நடுவிரல் அடியில் தாங்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் பென்சிலுக்கு ஓடிவந்தால், சிறு காகித உருண்டையை அவற்றுக்குள் பொத்தி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாற்காலியையும் பாருங்கள். கால் தொங்கினால் உடல் ஆடும், கை இறுகும். பாதம் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பென்சிலில் மாட்டும் ரப்பர் கிரிப்பை மட்டும் நம்பாதீர்கள். விரலில் வலு இல்லாத குழந்தை அதையும் முஷ்டியால்தான் பிடிக்கும்.

கேள்வி: ஆறு வயது மகன் இடது கைக்காரன். நான்கு விரலால் பிடித்து, மணிக்கட்டைக் கொக்கிபோல வளைத்து எழுதுகிறான். மாற்ற வேண்டுமா?

பதில்: கையை மாற்றவே வேண்டாம். விரல்கள் அசைந்து, வலியில்லாமல், வேகமாக எழுத முடிகிறதென்றால் நான்கு விரல் பிடியும் நல்ல பிடிதான். மணிக்கட்டு வளைவதோ, எழுதுவது கண்ணுக்கு மறைவதால். தாளை உடலின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் நகர்த்தி, மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி வையுங்கள். பென்சிலை நுனியிலிருந்து 3 செ.மீ. தள்ளிப் பிடிக்கட்டும். அப்போது கை வரிக்குக் கீழே வந்துவிடும்.

சில வரிகளிலேயே கை வலிக்கிறது என்றாலோ, பட்டன் போடவும் கத்தரிக்கோல் பிடிக்கவும் திணறினாலோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள்.