பழைய மஸ்டா எம்எக்ஸ்-5: முதலில் பிரேக்கா, சில்லா?

உப்புவெளியில் 1.6 லீற்றர் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 கார் வைத்திருக்கும் நீங்கள், பிரேக், சில்லு, அலங்காரப் பொருட்கள் ஆகியவற்றுள் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயமின்றிப் பிரேக்தான், அதிலும் புதிய பாகங்களை வாங்குமுன் இருப்பதைச் சீராக்குங்கள். திருகோணமலைக் கடற்காற்றின் உப்புப் படிந்து, பிரேக் பட்டைகளைச் சுழலும் தட்டில் அழுத்தும் கலிப்பரின் வழுக்கு ஊசிகள் துருவேறி இறுகினால், உட்பட்டை தேய்ந்து மெலிந்திருக்க, வெளிப்பட்டை ஏறக்குறையப் புதிதாகவே நிற்கும். சில்லைக் கழற்றியதும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேக் ஒயிலும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டொட் 4 வகைக்குரிய குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 பாகை செல்சியஸ், ஈரமேறிய பின் 155 பாகை என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அதன் பின்னும் போதாதென்றால், 1.8 லீற்றர் மாதிரியின் 255 மில்லிமீற்றர் முன் தட்டுகளை (உங்களுடையவை 235), அவற்றுக்குரிய கலிப்பர் பிடிசட்டம், பட்டைகளுடன் பூட்டலாம். பழைய 14 அங்குலச் சில்லுக்குள்ளேயே அவை அடங்கும். பின்பக்கத்தையும் அவ்வாறே மாற்றுங்கள்.

சில்லில் 15 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 185/60 அளவுள்ள 14 அங்குல ரயரின் விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீற்றர், 195/50 அளவுள்ள 15 அங்குல ரயரின் விட்டம் 576 என்பதால் வேகமானி பிழைக்காது. அலங்காரப் பொருட்களில், ஸ்பொய்லர் எனும் பின்சிறகுக்காக உடற்தகட்டில் துளையிடாதீர்கள்; துரு அங்கிருந்துதான் தொடங்கும்.