ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) எந்த பேட்டரி வாங்கலாம், நிம்ஹெச்சா (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு) லைப்போவா (லித்தியம் பாலிமர்)?

முதலில் பேட்டரி வைக்கும் இடத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். சிலவற்றில் அது பின்கட்டையில் இருக்கும், சிலவற்றில் முன்பிடிக்குள்.

நான் சொல்வது 7.4 வோல்ட் லைப்போ. 11.1 வோல்ட் போட்டால் இன்னும் வேகமாகச் சுடும், உண்மைதான். ஆனால் அதற்கேற்பப் பலப்படுத்தாத கியர்பாக்ஸில் பல்சக்கரமும் பிஸ்டனும் சீக்கிரம் போய்விடும்.

உறையில் 1200 எம்ஏஹெச் (கொள்ளளவு, அதாவது 1.2 ஆம்பியர்-மணி), 20சி (கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டம் தரும் என்ற எண்) என்றிருந்தால் 1.2ஐ 20ஆல் பெருக்குங்கள்: தொடர்ந்து 24 ஆம்பியர் வரை தரும் என்று அர்த்தம்.

லைப்போவுக்கு பேலன்ஸ் சார்ஜர் (உள்ளே இருக்கும் எல்லா செல்களையும் சமமாக ஏற்றுவது) கட்டாயம். எந்த செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் இருக்கட்டும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடவே போடாதீர்கள், தீப்பிடிக்கலாம். இவ்வளவு கவனிக்க முடியாதென்றால் 8.4 அல்லது 9.6 வோல்ட் நிம்ஹெச் வாங்குங்கள், கொஞ்சம் அசட்டையைத் தாங்கும்.